உயிரே இல்லாத கல்லுக்குள் அமினோ அமிலம் எப்படி வந்தது?

பென்னு என்ற சிறுகோளிலிருந்து எடுத்துவந்த கல்தூளில் அமினோ அமிலங்கள் இருந்தன என்ற செய்தியைப் படித்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். ப்ளஸ் டூ படிக்கும் உங்கள் மகள், “அமினோ அமிலம் சேர்ந்தால் புரதம், புரதம் இருந்தால் உயிர். அப்படியானால் அந்தக் கல்லில் எப்போதோ உயிர் இருந்திருக்க வேண்டுமே?” என்று உங்களை மடக்கியிருக்கிறாள். காற்றும் சூடும் இல்லாத வெட்டவெளியில் இதெல்லாம் தானாக எப்படி உண்டாகும் என்று அவளுக்கு விளக்க வேண்டும் என்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரை இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. உயிர் இல்லாமலே இந்த மூலக்கூறுகள் உண்டாக வழி இருக்கிறதா? கல்லில் கிடைத்தவை உண்மையிலேயே விண்வெளியில் உண்டானவைதானா, அல்லது நம் கையிலிருந்து ஒட்டிக்கொண்டவையா? நம் உயிருக்கும் அவற்றுக்கும் என்ன உறவு? முதல் இரண்டுக்கும் இன்று உறுதியான பதில் உண்டு. மூன்றாவதில் பாதிக்கு மேல் ஊகம்தான்.

நான் வானியல் படித்தவன் இல்லை. இருபத்துச் சொச்சம் ஆண்டுகள் ஓர் ஆய்வகத்தில் அமினோ அமிலப் பகுப்பாய்வு செய்தவன். மீன் தீவனம், பருப்பு மாவு, மருந்துக் கம்பெனி அனுப்பும் வெள்ளைத் தூள் என்று எது வந்தாலும் அதில் எந்த அமினோ அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வது என் வேலை. அதனால் கல்லைப் பொடித்து, வெந்நீரில் சாறு இறக்கி, கருவிக்குள் செலுத்தி, வரைபடத்தில் எழும் முகடுகளைப் படிக்கும் பகுதியை அனுபவத்தோடு சொல்ல முடியும். தொலைநோக்கி சம்பந்தப்பட்டவற்றை ஆய்வுக் கட்டுரைகள் வழியாகத்தான் அறிவேன். அந்த இடங்களில் அடக்கியே பேசுகிறேன்.

முதலில் உங்கள் மகளின் கணக்கில் எங்கே இடறுகிறது என்று பார்ப்போம். புரதம் பெரிய விஷயம்தான். நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் குறிப்பிட்ட வரிசையில் கோத்தால்தான் ஒரு புரதம். ஆனால் அமினோ அமிலம் மிகச் சிறியது. கிளைசினில் மொத்தமே பத்து அணுக்கள்: கார்பன் இரண்டு, ஹைட்ரஜன் ஐந்து, நைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் இரண்டு. இந்த நான்கும் பிரபஞ்சத்தில் அள்ளக் குறையாதவை. ஹீலியத்தையும் நியானையும் போல யாரோடும் சேராத வாயுக்களை ஒதுக்கிவிட்டால், எண்ணிக்கையில் முதலில் நிற்பவை ஹைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன், நைட்ரஜன்தான். அப்புறம், அமினோ அமிலத்தை உயிரின் துணையின்றிச் செய்ய முடியும் என்பது பழைய செய்தி. ஜெர்மனியின் அடால்ஃப் ஸ்ட்ரெக்கர் 1850-லேயே ஆல்டிஹைடு, அம்மோனியா, ஹைட்ரஜன் சயனைடு மூன்றையும் சேர்த்து அலனின் செய்துவிட்டார். அவர் பெயரிலேயே அந்த வினை இன்றும் வழங்குகிறது. அமினோ அமிலம் இருக்கும் இடத்தில் உயிர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

சரி, அந்த மூன்று சரக்கும் விண்வெளியில் எங்கிருந்து வரும்? நட்சத்திரங்களுக்கு நடுவே இருட்டாகத் தெரியும் பெரிய வாயு மேகங்கள் இருக்கின்றன. அங்கே வெப்பநிலை சைபருக்குக் கீழே 263 டிகிரி வரை இறங்குகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் அடைந்திருக்கின்றன. அந்த மேகத்தில் அதே இடத்துக்குள் பத்தாயிரம் இருக்கும், மிக நெருக்கமான பகுதியில் பத்து லட்சம் இருக்கும். நம் ஊர் ஆய்வகத்தில் அவ்வளவு சுத்தமான வெற்றிடத்தை உண்டாக்குவதே பெரும்பாடு. அந்த இடத்தில் இரண்டு அணுக்கள் சந்தித்தாலும் கூடி நிற்பது கடினம். சேரும்போது வெளிப்படும் ஆற்றலை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் வேறு எதுவும் இல்லாததால், அந்த ஆற்றலே அவற்றை மறுபடி பிரித்துவிடும்.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பது தூசி. செத்துக்கொண்டிருக்கும் நட்சத்திரங்கள் உமிழ்ந்த சிலிக்கேட்டும் கரியும் நுண்துகள்களாக அந்த மேகமெங்கும் கலந்திருக்கின்றன. ஒரு துகளின் அளவு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு குளிரில் அதன்மேல் எது மோதினாலும் ஒட்டிக்கொள்ளும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒட்டி, கூடி, அங்கேயே தண்ணீராகிப் பனியாக உறைகின்றன. அதேபோல அம்மோனியாவும் மீத்தேனும் உண்டாகின்றன. வாயுவாக இருந்த கார்பன் மோனாக்சைடு மேலே ஒரு பூச்சாகப் படிகிறது. வினையில் வெளிப்படும் ஆற்றலைத் தூசியும் பனியும் வாங்கிக்கொள்வதால் சேர்ந்தவை சேர்ந்தபடி நிற்கின்றன. ஒரு துகளின்மேல் சராசரியாக நாளைக்கு ஓர் அணு வந்து மோதினாலே அதிகம் என்பார்கள். ஆனால் அந்த மேகத்துக்குப் பல லட்சம் ஆண்டுகள் ஆயுள் இருக்கிறது. அவசரமே இல்லை.

இங்கே நான் மிகவும் ரசிக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தக் குளிரில் கார்பன் மோனாக்சைடு கல்லாக உறைந்து கிடக்கிறது. அதனோடு ஹைட்ரஜன் அணு ஒன்று சேர வேண்டுமென்றால் இடையில் ஓர் ஆற்றல் மேடு இருக்கிறது. சூடு இருந்தால் ஏறித் தாண்டலாம், அங்கே சூடு கிடையாது. ஆனால் ஹைட்ரஜன் அத்தனை லேசானது என்பதால், குவாண்டம் இயற்பியலின்படி மேட்டில் ஏறாமல் அதை ஊடுருவியே மறுபக்கம் போய்விடும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஹைட்ரஜன் ஏற ஏற, கார்பன் மோனாக்சைடு முதலில் ஃபார்மால்டிஹைடாகிறது, பிறகு மெத்தனாலாகிறது. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் வத்தனாபே, கோச்சி இருவரும் 2002 வாக்கில் இதை ஆய்வகத்தில் அதே குளிரில் நடத்திக் காட்டினார்கள். ஸ்ட்ரெக்கரின் பட்டியலில் இருக்கும் ஆல்டிஹைடு வகைக்கு ஃபார்மால்டிஹைடுதான் முதல் ஆள். வானத்தில் அதன் ரேடியோ அலையை 1969-லேயே பிடித்துவிட்டார்கள். அம்மோனியா அதற்கு முந்தைய ஆண்டே கிடைத்துவிட்டது. இன்றைய தேதிக்கு விண்வெளியில் கண்டறிந்த மூலக்கூறுகள் முந்நூறைத் தாண்டிவிட்டன.

அந்தப் பனிப்பூச்சு அப்படியே கிடப்பதும் இல்லை. வெளி நட்சத்திர ஒளி மேகத்தின் உள்ளே நுழையாவிட்டாலும், காஸ்மிக் கதிர்கள் ஊடுருவி ஹைட்ரஜனைத் தூண்ட, உள்ளுக்குள்ளேயே மங்கலான புற ஊதா ஒளி உண்டாகிறது. அது பட்டால் மெத்தனாலும் அம்மோனியாவும் உடைந்து, ஒரு கை காலியாக நிற்கும் துண்டுகளாகின்றன. இவற்றுக்கு ரேடிக்கல் என்று பெயர். குளிரில் நகர முடியாமல் பனிக்குள் சிக்கிக் கிடக்கும் இந்தத் துண்டுகள், பக்கத்தில் ஒரு நட்சத்திரம் பிறந்து பனி சற்றே இளகியதும் ஊர்ந்துபோய் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. சின்னச் சின்னத் துண்டுகள் பெரிய மூலக்கூறுகளாவது அப்போதுதான்.

இதை 2002-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே சோதித்தன. ஒன்று அமெரிக்காவில் நாசாவின் ஏம்ஸ் மையம், மற்றொன்று ஐரோப்பாவில் நெதர்லாந்தின் லைடன் ஆய்வகத்தைச் சேர்ந்த குழு. தண்ணீர், மெத்தனால், அம்மோனியா போன்றவற்றின் கலவையைச் சில்லிட்ட தகட்டின்மேல் பனியாகப் படியவைத்து, புற ஊதா ஒளி பாய்ச்சி, மெல்லச் சூடேற்றினார்கள். எல்லாம் ஆவியான பிறகு தகட்டில் கரிமப் பொருளாக ஒரு கசடு மிஞ்சியது. அதில் ஏம்ஸ் குழுவுக்குக் கிளைசின், அலனின், செரின் கிடைத்தன. ஐரோப்பியக் குழுவுக்குப் பதினாறு அமினோ அமிலங்கள் கிடைத்தன. செய்திகளில் இதை “விண்வெளிப் பனியில் அமினோ அமிலம்” என்று எழுதினார்கள். ஆனால் என் போன்றவர்கள் ஒரு சின்ன வரியைக் கவனிப்போம். இரண்டு குழுக்களுமே கசட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுடவைத்த பிறகே அளந்தன. பருப்பு மாவில் புரதத்தை உடைக்க நான் செய்வதும் அதைத்தான்: அமிலம் ஊற்றி, குழாயை மூடி, 110 டிகிரியில் 24 மணி நேரம். அப்படிச் செய்தால் அரைகுறையாக இருந்த முன்னோடி மூலக்கூறுகளும் முழு அமினோ அமிலமாகிவிடும். ஆகவே பனியில் நேரடியாக உண்டானது அமினோ அமிலமா, அதற்கு ஒரு படி முந்தைய பொருளா என்பதை இந்தச் சோதனை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. சரக்கு அங்கேயே தயாராகிவிடுகிறது என்பது மட்டும் உறுதி.

வானத்திலேயே கிளைசினைப் பார்த்தார்களா என்று நீங்கள் கேட்கலாம். மேகங்களில் இன்னும் இல்லை. 2003-இல் ஒரு குழு மூன்று இடங்களில் பார்த்ததாக அறிவித்தது. மூலக்கூறு சுழலும்போது அதற்கே உரிய பல அலைவரிசைகளில் ரேடியோ அலை வரும். ஒன்றிரண்டு பொருந்தினால் போதாது, வர வேண்டியவை எல்லாம் வர வேண்டும், வர வேண்டிய பலத்தில் வர வேண்டும். 2005-இல் வேறொரு குழு சரிபார்த்தபோது கட்டாயம் தெரிய வேண்டிய சில கோடுகள் காணவில்லை. அந்த அறிவிப்பு அதோடு போயிற்று. ஆனால் கிளைசினுக்கு ஒரே ஒரு படி கீழே இருக்கும் அமினோ அசிட்டோநைட்ரைலை நம் பால்வெளியின் மையத்துக்கு அருகே உள்ள தனுசு பி2 மேகத்தில் 2008-இல் கண்டார்கள். தண்ணீர் பட்டால் அது கிளைசினாகும். வால்நட்சத்திரத்தில் நிலைமை இன்னும் தெளிவு. ரொசெட்டா விண்கலம் 67பி என்ற வால்நட்சத்திரத்தைச் சுற்றிவந்தபோது, அதிலிருந்து கிளம்பிய வாயுவிலேயே கிளைசினை அதன் கருவி அளந்தது. பாஸ்பரஸும் இருந்தது. 2016-இல் வெளியான முடிவு அது.

தண்ணீர் பட்டால் என்று சொன்னேன் அல்லவா, அந்தத் தண்ணீர்தான் அடுத்த கட்டம். சூரியன் உருவான காலத்தில், 456 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தப் பனித்தூசியெல்லாம் திரண்டு பெரிய பாறைக் கோளங்களாயின. அவற்றுக்குள் அலுமினியம்-26 என்ற கதிரியக்க அலுமினியம் கலந்திருந்தது. ஏழு லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் பொருள் அது. சிதையும்போது அது விட்ட சூட்டில் பாறைக்குள் இருந்த பனி உருகியது. வெளியே உறைபனியும் வெற்றிடமும், உள்ளே ஈரமான களிமண்ணும் வெதுவெதுப்பான உப்புநீரும். அம்மோனியா, ஆல்டிஹைடு, சயனைடு மூன்றும் அந்த நீரில் சந்தித்தால் ஸ்ட்ரெக்கர் வினை தானாக நடக்கும். விண்கற்களில் கிடைக்கும் அமினோ அமிலங்களில் பெரும்பங்கு இப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்பது நீண்டகாலக் கருத்து. நானும் அந்தப் பக்கமே சாய்கிறேன், ஆனாலும் பனியில் உண்டானது எவ்வளவு, நீரில் உண்டானது எவ்வளவு என்ற பங்குச் சண்டை முடிந்தபாடில்லை.

ஹைட்ரஜன் சயனைடைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்கு அது கொடிய விஷம். ஆனால் 1960-இல் ஹூஸ்டனில் ஹுவான் ஓரோ அதை அம்மோனியா நீரில் சூடாக்கியபோது அடினின் கிடைத்தது. டிஎன்ஏவில் இருக்கும் நான்கு எழுத்துகளில் ஒன்றான அதே அடினின். ஐந்து ஹைட்ரஜன் சயனைடு மூலக்கூறுகளை ஒன்றாகக் கூட்டினால் கணக்கு பிசகாமல் ஓர் அடினின். உங்கள் மகளைத் தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி, என் தொழில் சார்ந்தது. கிடைத்தது விண்வெளியுடையதுதானா? எங்கள் ஆய்வகத்தில் ஒருமுறை, எதுவும் போடாத வெறும் நீர் மாதிரியில் முகடுகள் எழுந்தன. செரின் உயரமாக, அடுத்து கிளைசின், அலனின். நீரை மாற்றினோம், வினைபொருளை மாற்றினோம், இரண்டு நாள் போயிற்று. கடைசியில் புதிதாகச் சேர்ந்த பையன் கண்ணாடிக் குப்பியின் விளிம்பைக் கையுறை இல்லாமல் பிடித்திருந்தது தெரிந்தது. வியர்வையில் அமினோ அமிலம் உண்டு, அதில் செரின்தான் தூக்கல். அன்று அவன் விரலில் நின்ஹைட்ரின் கரைசலை ஒரு சொட்டு வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஊதா ஏறியது. போலீஸ்காரர்கள் காகிதத்தில் பதிந்த விரல்ரேகையை எடுப்பதும் இதே சாயத்தால்தான். பழைய விண்கற்களில் அமினோ அமிலம் கண்டதாக வந்த செய்திகள் பலவற்றின்மேல் 1960-களில் சந்தேகம் விழுந்ததற்குக் காரணமும் இந்த விரல்தான். அருங்காட்சியகத்தில் நூறு ஆண்டுகள் பலர் கைபட்ட கல்லில் எது கல்லுடையது, எது கையுடையது?

இதைத் தீர்த்து வைத்தது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள மர்ச்சிசன் என்ற சிற்றூர். 1969 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி வாக்கில் அங்கே வானத்தில் தீக்கோளம் ஒன்று வெடித்துச் சிதறி, கரிய கற்கள் விழுந்தன. விழுந்த இடத்தில் ஸ்பிரிட் வாசனை அடித்ததாக ஊர்க்காரர்கள் சொன்னார்கள். நூறு கிலோவுக்கு மேல் பொறுக்கி எடுத்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அப்போலோ 11 நிலாக் கற்களோடு திரும்பியிருந்தது. அந்தக் கற்களை ஆராய்வதற்காகவே நாசா ஏம்ஸ் ஆய்வகத்தில் மிகச் சுத்தமான முறைகளைத் தயார் செய்து வைத்திருந்தார்கள். நிலாக் கல்லுக்கு வைத்த ஏற்பாடு மர்ச்சிசன் கல்லுக்கும் உதவியது. அந்தக் குழுவின் தலைமையில் இருந்தவர் சிரில் பொன்னம்பெருமா. இலங்கையின் காலியில் பிறந்தவர், 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் பெற்று, அதற்குப் பிறகு லண்டனிலும் கலிஃபோர்னியாவிலும் வேதியியல் படித்தவர். 1970-இல் க்வென்வோல்டனும் அவரும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறைக்கு அஸ்திவாரம்.

அவர்கள் கையாண்ட வாதத்தை நான் மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒன்று, மர்ச்சிசன் கல்லில் நம் புரதங்களில் இல்லாத அமினோ அமிலங்கள் இருந்தன. விரலிலிருந்து ஒட்டியிருந்தால் அவை வந்திருக்கவே முடியாது. இரண்டு, கிளைசின் போன்ற சிலவற்றைத் தவிர மற்ற அமினோ அமிலங்களுக்கு இடக்கை, வலக்கை என்று இரண்டு வடிவங்கள் உண்டு, கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல. உயிர்கள் புரதத்துக்கு இடக்கை வடிவத்தை மட்டுமே பயன்படுத்துகின்றன. கல்லிலோ இரண்டும் ஏறக்குறைய சரிபாதி. பிற்காலத்தில் மூன்றாவது சாட்சியும் சேர்ந்தது: ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள். பூமியின் உயிர்கள் லேசான கார்பன்-12-ஐ விரும்பி எடுக்கும். மர்ச்சிசன் அமினோ அமிலங்களில் கனமான கார்பன்-13 கூடுதல், கனமான ஹைட்ரஜனான டியூட்டீரியமோ மிகக் கூடுதல். டியூட்டீரியம் இப்படிச் சேர்வது நான் முன்னே சொன்ன அந்தக் கடுங்குளிர் மேகங்களின் அடையாளம். கல்லுக்குள் இருக்கும் ஹைட்ரஜனே தான் பிறந்த இடத்தைச் சொல்லிவிடுகிறது.

ஐசோடோப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொன்று. ஸ்டார்டஸ்ட் விண்கலம் வைல்ட் 2 வால்நட்சத்திரத்தின் தூசியை 2006-இல் கொண்டுவந்தது. அதிலும் கிளைசின் தெரிந்தது. ஆனால் கூடவே நைலான் சிதைந்தால் வரும் ஓர் அமினோ அமிலமும் தெரிந்தது. பாகங்களைச் சுற்றிவைத்த நைலான் பையிலிருந்து அது வந்திருந்தது. அந்தப் பையிலிருந்தே கிளைசினும் வரலாம் அல்லவா? மூன்று ஆண்டு கழித்து, கார்பன் ஐசோடோப்பை அளந்து, இது பையின் கிளைசின் இல்லை, வால்நட்சத்திரத்தின் கிளைசின் என்று உறுதி செய்த பிறகே அறிவித்தார்கள். அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன். நம்மூர்ச் செய்திகளில் இந்தப் பகுதி வருவதே இல்லை.

இப்போது பென்னுவுக்கு வருவோம். பூமியில் விழுந்த எந்தக் கல்லும், எவ்வளவு சீக்கிரம் எடுத்தாலும், மண்ணைத் தொட்டுவிடுகிறது. மர்ச்சிசனில் டிஎன்ஏ, ஆர்என்ஏவின் ஐந்து காரங்களும் (அடினின் போல எழுத்துகளாக நிற்கும் மூலக்கூறுகள்) இருப்பதாக 2022-இல் சொன்னபோது, அந்த ஊர் மண்ணிலும் அவை இருந்தது சங்கடமாகவே இருந்தது. அதனால்தான் மேலேயே போய் எடுத்துவர வேண்டியிருக்கிறது. ஜப்பானின் ஹயபுசா 2 விண்கலம் ரியூகு சிறுகோளிலிருந்து 5.4 கிராமை 2020 டிசம்பரில் கொண்டுவந்தது. அதில் அமினோ அமிலங்களும், ஆர்என்ஏவின் காரமான யுராசிலும் இருந்தன. நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் பென்னுவிலிருந்து எடுத்த 121.6 கிராம், 2023 செப்டம்பர் 24 அன்று யூட்டா பாலைவனத்தில் இறங்கியது. 2025 ஜனவரியில் முடிவு வந்தது: புரதங்களில் இருக்கும் இருபது அமினோ அமிலங்களில் பதினான்கு, ஐந்து காரங்களும், ரியூகுவைவிடப் பல மடங்கு அம்மோனியா. அதே ஆண்டு இறுதியில் ரைபோஸ், குளுக்கோஸ் என்ற சர்க்கரைகளும் அறிவிக்கப்பட்டன.

எனக்கு இவற்றைவிட ஆச்சரியம் தந்தது அந்தத் தூளில் இருந்த உப்புகள். சோடியம் கார்பனேட் வகை உப்புகள், பாஸ்பேட், சாப்பாட்டு உப்பு எல்லாம் அடுக்கடுக்காகப் படிந்திருந்தன. முன்பு வெளுப்பதற்கு ஏரிக்கரையில் உவர்மண் அள்ளுவார்களே, வெயிலில் நீர் வற்றியதும் வெள்ளையாகப் பூக்குமே, அதில் இருப்பதும் சோடியம் கார்பனேட்தான். பென்னு எந்தப் பெரிய கோளிலிருந்து உடைந்து வந்ததோ அந்தத் தாய்க்கோளுக்குள் உப்புநீர் நின்று, கொஞ்சம் கொஞ்சமாக வற்றி, அப்படிப் பூத்திருக்கிறது. நீர் வற்ற வற்ற அதில் கரைந்திருந்த கரிமப் பொருட்களும் செறிவாகும், நெருங்கும், வினைபுரியும். பாறைக்குள் தண்ணீர் இருந்தது என்று இத்தனை நாள் களிமண்ணை வைத்து ஊகித்தோம். இப்போது அந்தத் தண்ணீர் வற்றிய தடமே கையில் இருக்கிறது.

உங்கள் மகளுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயத்துக்கு வந்துவிட்டேன். ஒரு பருப்பு மாவின் வரைபடத்தைப் பார்த்தால், குளுட்டாமிக் அமிலம் ஓங்கி நிற்கும், லியூசின் உயரமாக நிற்கும், வேறு சில ஒப்புக்கு நிற்கும். மேடு பள்ளமாக இருக்கும், ஏனென்றால் செடிக்குத் தேவையானது எதுவோ அதை மட்டும் அது செய்திருக்கிறது. விண்கல்லின் வரைபடம் வேறு மாதிரி. சின்ன மூலக்கூறு நிறைய, கார்பன் ஒன்று கூடக்கூட அளவு படிக்கட்டுபோல இறங்கும். அதோடு, ஐந்து கார்பன் கொண்ட அமினோ அமிலத்தை எத்தனை விதமாக அமைக்க முடியுமோ அத்தனை விதமும் கலந்து கிடக்கும். மர்ச்சிசனில் எழுபதுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களை இனம் கண்டிருக்கிறார்கள். உயிர் எடுத்துக்கொண்டதோ இருபது. வேதியியல் எல்லாவற்றையும் செய்கிறது, எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்ந்தெடுப்பதுதான் உயிரின் கைரேகை. பென்னுவில் அந்தக் கைரேகை இல்லை. அமினோ அமிலம் இருந்ததால் அங்கே உயிர் இருந்தது என்று சொல்ல முடியாது. அவை எந்த விதத்தில் கலந்திருந்தன என்பதைப் பார்த்தால், உயிர் அவற்றைச் செய்யவில்லை என்றே தெரிகிறது.

மூன்றாவது கேள்விக்கு நான் அவ்வளவு தைரியமாகப் பேச மாட்டேன். இந்தச் சரக்கு பூமிக்கு வந்தது என்பதில் சந்தேகமில்லை, இன்றும் வந்துகொண்டிருக்கிறது. கல் காற்றில் எரியும்போது மேல்தோல் மட்டும் உருகும், உள்ளே அதே குளிர் இருக்கும். நுண்தூசி இன்னும் மெதுவாக இறங்கும். கண்டங்கள்கூடச் சரியாக உருவாகாத காலத்தில் இப்போதையதைவிட மிக அதிகமாகவே வந்திருக்கும். ஆனால் பூமியே சொந்தமாகவும் செய்திருக்கலாம். 1953-இல் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி கலந்த குடுவையில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலம் எடுத்தது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆதி பூமியின் காற்றில் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும்தான் மிகுந்திருந்தன என்று பலர் இப்போது கருதுகிறார்கள். அந்தக் காற்றில் விளைச்சல் குறைவு. அதனால் விண்வெளிச் சரக்கின் முக்கியத்துவம் கூடியது. உள்ளூர் விளைச்சல் எவ்வளவு, இறக்குமதி எவ்வளவு என்று எண்ணிக்கை சொல்பவர்களை நம்பாதீர்கள், அந்தக் கணக்குகள் ஆளுக்கு ஆள் பல மடங்கு வேறுபடுகின்றன.

சரக்கு இருந்தால் போதாது, கோக்க வேண்டும். இரண்டு அமினோ அமிலங்கள் சேரும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடந்தால் அது எளிதில் நடக்காது. நனைந்தும் காய்ந்தும் மாறி மாறி வரும் சுடுநீர்க் குட்டைகளில் நடந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. கடலடி வெந்நீர் ஊற்றுகள் என்பது இன்னொன்று. டேவிட் டீமர் 1985-இல் மர்ச்சிசன் கல்லின் சாற்றை நீரில் விட்டபோது, சோப்புக் குமிழிபோல நுண்ணிய பைகள் தானாகவே உருவாயின. செல்லின் சுவருக்கு அது ஒரு தூரத்து உறவு, அவ்வளவே. பென்னுவில் ரைபோஸ் இருக்கிறது, காரம் இருக்கிறது, பாஸ்பேட் இருக்கிறது. ஆனால் மூன்றையும் இணைத்த ஓர் ஆர்என்ஏ துண்டு எந்தக் கல்லிலும் உறுதியாகக் கிடைத்ததில்லை. உயிரே விண்வெளியிலிருந்து வந்தது என்று சிலர் சொல்வது முற்றிலும் வேறு கருத்து. நான் மேலே சொன்ன எந்தச் சான்றும் அதை நிரூபிக்கவில்லை.

என்னை இன்னும் குடைவது அந்த இடக்கை விஷயம்தான். மர்ச்சிசனில் எல்லாம் சரிபாதி என்றேன், அது ஏறக்குறைய உண்மை. ஐசோவாலின் என்ற அமினோ அமிலம் மட்டும் ஒத்துவரவில்லை. நம் புரதங்களில் அது கிடையாது, எளிதில் கை மாறாத அமைப்பு அதற்கு. அதில் இடக்கை வடிவம் 18 சதவீதம் வரை கூடுதலாக இருப்பதாக 2009-இல் கிளாவினும் டுவர்கினும் அளந்து காட்டினார்கள். அப்படியானால் உயிர் இடக்கையைத் தேர்ந்தெடுத்ததற்கு முன்பே விண்வெளி லேசாக அந்தப் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறதோ என்று பலரும் நினைத்தோம். நானும் அதை நம்பியிருந்தேன். பென்னு முடிவைத் திறந்ததும் முதலில் அந்த அட்டவணைக்குத்தான் போனேன். அங்கே அளந்தவற்றில் இரண்டு கையும் ஏறக்குறைய சமம். மர்ச்சிசனின் தாய்க்கோளில் நின்ற நீர் ஏதோ செய்து பெருக்கிய வேறுபாடு அது, பென்னுவில் அந்த நிலைமை வரவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். மர்ச்சிசன் அளவீட்டையே மறுபடி பார்க்க வேண்டும் என்போரும் உண்டு. பென்னு தூளில் முக்கால் பங்குக்கு நெருக்கமானதை யாரும் தொடாமல், ஹூஸ்டனில் நைட்ரஜன் நிரப்பிய பெட்டிகளுக்குள் பிற்காலத்துக்கென்று பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். உங்கள் மகள் வேதியியல் எடுத்துப் படித்தால், அதில் ஒரு சிட்டிகை அவள் கருவிக்கு வரும் வயதில் அது இன்னும் அங்கேயே இருக்கும்.